150 பிள்ளைகள், ஓர் ஆசிரியர் பாக்கி

கொடுங்கையூர் என்றதும் நாளிதழ்களில் வரும் எண்கள் எல்லாம் குப்பையைப் பற்றியவை. குப்பைமேட்டின் பரப்பு சுமார் 340 ஏக்கர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டிச் சேர்ந்த பழைய குப்பை 66.52 லட்சம் டன். அதைத் தோண்டிச் சலித்து, பிரித்து, நிலத்தை மீட்கும் பயோமைனிங் வேலைக்கு ஏறத்தாழ 641 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் டன்னுக்குச் சுமார் 964 ரூபாய் விழுகிறது. இன்றும் தினம் 2,500 டன்னுக்கு மேல் லாரிகளில் வந்து இறங்குகிறது.

குப்பைக்கு டன் கணக்கு, கோடிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. அந்த மேட்டுக்கு அக்கம்பக்கத்தில், எழில் நகரிலும் ஆர்.ஆர். நகரிலும் முத்தமிழ் நகரிலும் வளரும் பிள்ளைகளுக்கு, நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல தொடக்கப் பள்ளி நடத்த என்ன செலவாகும்? அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டது வடசென்னையில் எல்லோரும் ‘ஆர்.சி. ஸ்கூல்’ என்று சொல்லும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி. அரசு மானியம் பெறுவது, எந்த மதத்துப் பிள்ளையையும் எந்த உடற்குறை உள்ள பிள்ளையையும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பாதது. ஒரு குறிப்பிட்ட பள்ளியின் தணிக்கை அறிக்கை அல்ல இது. சட்டமும் அரசாணையும் சொல்லும் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு.

அளவுகோல்

ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 30 பேர், ஆக 150 பிள்ளைகள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 121 முதல் 200 பிள்ளைகள் வரை ஐந்து ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. 150க்கு மேல் போனால் அந்த ஐவருக்கு மேல் ஒரு தலைமையாசிரியர். நம் கணக்கில் பிள்ளைகள் சரியாக 150 என்பதால் ஐவரில் ஒருவரே பொறுப்பையும் பார்க்கிறார், பாடமும் எடுக்கிறார்.

ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கொடுங்கையூரில் அந்த ஒரு கிலோமீட்டரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பர் 1 அன்று ஆர்.ஆர். நகரில் தேங்கிய மழைநீருக்குள் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். இந்த ஊரில் பள்ளி பக்கத்தில் இருப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

சம்பளம்

இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். 2025 ஜனவரிக் கணக்கின்படி 55 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் மாதம் 31,930. ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 19,15,800 ரூபாய். வீட்டு வாடகைப்படியையும் சர்வீஸ் கூடக் கூட ஏறும் சம்பளத்தையும் சேர்க்கவில்லை. அதனால் இது அடிமட்டத் தொகை.

மானியப் பள்ளியில் இந்தச் சம்பளத்தை அரசு தருகிறது. ஆனால் 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் கிடையாது. அதற்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பள்ளி தொடங்கிய எந்தச் சபையும் சம்பளப் பணத்தைப் பெற்றோரிடம்தான் வாங்கியாக வேண்டும். அரசு தரும் அதே சம்பளத்தைக் கொடுப்பதானால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 12,772 ரூபாய், மாதம் 1,064. வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மாதம் 3,192. லோடுமேன் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெற்றோருக்கு இது எட்டாது. அங்கே ஒன்று ஃபீஸ் ஏறுகிறது, இல்லையென்றால் டீச்சரின் சம்பளம் இறங்குகிறது. மானியம் கிடைக்கிற பழைய ஆர்.சி. பள்ளி ஏழைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் போதும்.

சோறு

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பணத்தில் உணவு போடும் யோசனை இந்த நகரத்துக்குப் பழையது. 1920 செப்டம்பர் 16 அன்று பி. தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவருக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் உணவு தருவதற்கு ஒப்புதல் கொடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு ஜூலையில் கிராமங்களிலும் செப்டம்பரில் நகரங்களிலும் சத்துணவைத் தொடங்கியது.

இன்றைய தேசிய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு மதியம் 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். இதில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். 150 பேருக்கு உலையில் போட வேண்டியது தினம் 15 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, ஏழரைக் கிலோ காய், முக்கால் கிலோ எண்ணெய். 200 நாளுக்கு 3 டன் அரிசி, 600 கிலோ பருப்பு, ஒன்றரை டன் காய்கறி.

அரிசி நீங்கலாக மற்றப் பொருள்களுக்கு 2025 மே முதல் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. அதில் ஒன்றிய அரசின் பங்கு 4.07, மாநிலத்தின் பங்கு 2.71. நம் பள்ளிக்கு நாளொன்றுக்கு 1,017 ரூபாய், ஆண்டுக்கு 2,03,400.

தமிழ்நாடு இதற்கு மேல் வாரம் ஐந்து முட்டை தருகிறது. வாரம் 750, நாற்பது வாரத்துக்கு 30,000 முட்டை. முட்டை 5 ரூபாய் என்று வைத்தாலும் 1,50,000 ரூபாய். பருப்பு, காய், எண்ணெய் மூன்றுக்கும் ஆகும் தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குச் சமமான தொகை முட்டைக்கு மட்டும் ஆகிறது. அப்படியும் அதைக் குறைக்கக் கூடாது. வீட்டில் முட்டையை எண்ணி எண்ணிப் பங்கு போடுகிற குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள்.

காலை உணவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குத் தனி இடம் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 அரசுப் பள்ளிகளின் 1,14,095 பிள்ளைகளுக்காக 33.56 கோடி ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. மானியப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் விடுபட்டிருந்தார்கள். 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதியின் மானியப் பள்ளிகள் சேர்ந்தன. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26இல் நகர்ப்புற மானியப் பள்ளிகளும் சேர்ந்தன. 2,429 பள்ளிகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். விழா நடந்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்.

முதற்கட்டத் தொகையை வகுத்தால் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,941 ரூபாய். அதே விகிதத்தில் நம் 150 பேருக்கு 4,41,150. மேலே சொன்ன தேதிகளின்படி, சென்னையில் ஒரு ஆர்.சி. பள்ளியின் முதல் மணி அடிக்கும்போது பிள்ளையின் வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்பதற்கு மாநகராட்சிப் பள்ளியை விடக் குறைந்தது இரண்டு ஆண்டு தாமதம் ஆனது. இரண்டு பள்ளிக்கும் பிள்ளைகள் வருவது ஒரே தெருவிலிருந்துதான்.

யார் அந்த 150 பேர்

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 7.72 சதவீதம். பள்ளி ஊரைப் போலவே இருந்தால் 150 பேரில் 12 பேர் கிறிஸ்தவர்கள், மற்ற 138 பேர் இந்துக்களும் முஸ்லிம்களும் பிறரும். அரசியலமைப்பின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. 29(2) பிரிவு, அரசுப் பணம் பெறும் பள்ளியில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. 28(3) பிரிவின்படி, பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது. இந்திய ஆயர் பேரவையும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிற சமயப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றும் தன் பள்ளிகளுக்குச் சொன்னது.

மத விஷயத்தில் ஆர்.சி. பள்ளிகள் வாசலை நெடுங்காலமாகவே திறந்து வைத்திருக்கின்றன. சிக்கல் இன்னொரு வாசலில்தான்.

பதிவேட்டில் 3, வகுப்பில் 15

2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். 150 பேரில் மூன்று பேர். யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட உலக மதிப்பீட்டின்படி, பிள்ளைகளில் பத்துக்கு ஒருவருக்கு ஏதோவொரு குறைபாடு இருக்கிறது. 150 பேரில் பதினைந்து பேர். மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நிற்கும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அந்தப் பன்னிரண்டு பேர் பள்ளிக்கு வெளியே இல்லை. மூன்றாம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சில் இருக்கிறார்கள். ஒருவனுக்குச் சிறு வயதில் காதில் சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்துவிட்டது. மிஸ் முகத்தைப் பார்த்துப் பேசும்வரை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாடம் அறுந்துபோகிறது. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான், ‘காப்பி அடிக்கிறான்’ என்று பேர் வாங்குகிறான். இன்னொருத்தி வாயால் கேட்டால் எல்லாக் கணக்குக்கும் விடை சொல்வாள். எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும், கொம்பும் காலும் தவறிப்போகும். ‘கவனமில்லை’ என்று ரேங்க் கார்டில் வருகிறது. இவர்கள் இருவருக்கும் மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ மாணவர் பதிவில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

கட்டம் காலியாக இருந்தால் பணமும் வராது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. மூன்று பேர் பதிவானால் 10,500. பதினைந்து பேர் பதிவானால் 52,500. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத உதவித்தொகை தனி. பதிவாவதற்கான மதிப்பீட்டு முகாமுக்குப் போக அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டும். பெரும்பாலும் யாரும் போகச் சொல்வதே இல்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்கிறது. 2021 அக்டோபர் 28இல் உச்ச நீதிமன்றம் அளவையும் சொன்னது: தொடக்க நிலையில் மாற்றுத்திறன் கொண்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர்.

நம் பள்ளியின் 15 பேருக்கு ஒன்றரை ஆசிரியர் வேண்டும். ஒருவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

20 கிலோமீட்டரா, 1 கிலோமீட்டரா

சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, கத்தோலிக்கர்களே நடத்துகிறார்கள். அடையாறு செயின்ட் லூயிஸ் பள்ளியில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1962 முதல் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் கல்வி தருகிறார்கள். அந்த அனுபவம் பெரிய சொத்து. ஆனால் கொடுங்கையூரிலிருந்து அடையாறு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. போகவர 40, ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர். பக்கத்துப் பள்ளி என்றால் 400. முழுமையாகக் கேட்காத பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி தேவைப்படலாம். பாதி கேட்கும் பிள்ளைக்கும் எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கும் தெருமுனைப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஒரு டீச்சர் போதும்.

சரிவுப் பாதை

சக்கர நாற்காலிக்கான விதி எளியது. ஓர் அடி ஏற 12 அடி நீளம். தளம் இரண்டடி உயரம் என்றால் சரிவு 24 அடி. ஆனால் வடசென்னையில் தளம் இரண்டடியோடு நிற்பதில்லை. கொடுங்கையூர் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிறைந்தால் தண்ணீர் எங்கே வரும் என்று 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் பார்த்தவர்கள், அடுத்த கட்டிடத்தை மூன்று நான்கு அடி தூக்கித்தான் கட்டுவார்கள். நான்கடி உயரத்துக்குச் சரிவு 48 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். நாலடி அகலம் வைத்தால் கிட்டத்தட்ட 200 சதுர அடி போகிறது.

மாநகராட்சிப் பகுதியில் தனியார் பள்ளிக்கு விதிப்படி 6 கிரவுண்ட், அதாவது 14,400 சதுர அடி நிலம் வேண்டும். அதில் 200 சதுர அடி என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. குப்பைமேட்டின் 340 ஏக்கரில் இப்படிப்பட்ட மனைகள் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். பயோமைனிங் முடிந்து மீளும் நிலத்தில் என்ன வரப்போகிறது என்ற பேச்சில் பள்ளிக்கூடமும் இடம்பெற வேண்டும். அங்கே குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்ற மக்கள், அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று கேட்கவும் உரிமை உள்ளவர்கள்.

தண்ணீரையும் எழுதிவிடுகிறேன். பகல் பள்ளிக்கு இந்தியத் தர அளவு நாளொன்றுக்குத் தலைக்கு 45 லிட்டர். 150 பேருக்கு 6,750 லிட்டர். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் நின்றுவிடுவது, தானாகக் கால் கழுவிக்கொள்ள முடியாத பிள்ளைதான்.

பேரேடு

ஐந்து ஆசிரியர்: 19,15,800
மதிய உணவுப் பொருள்: 2,03,400
முட்டை: 1,50,000
காலை உணவு: 4,41,150
மொத்தம்: 27,10,350 ரூபாய்

அரிசி, சமையல் ஊதியம், புத்தகம், சீருடை, மின்சாரம், கட்டிடப் பராமரிப்பு ஆகியவை இதில் இல்லை. இந்த அளவிலேயே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 18,069 ரூபாய், பள்ளி நாள் ஒன்றுக்கு 90 ரூபாய்.

இப்போது சிறப்பாசிரியர். அதே 31,930 ரூபாய் மாதச் சம்பளம் கொடுத்தால் ஆண்டுக்கு 3,83,160. மேலே உள்ள மொத்தத்தில் நூற்றுக்குப் 14. பள்ளிப் பிள்ளைகள் எல்லோர் மேலும் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12 ரூபாய் 77 காசு. டீக்கடையில் ஒரு டீ விலை. கொடுங்கையூரின் பழைய குப்பையில் 400 டன்னை அகற்றும் செலவும் இதுதான். இன்றைக்கு வரும் லாரிகள் நான்கே மணி நேரத்தில் அந்த 400 டன்னைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

யார் கொடுப்பது

முதல் பொறுப்பு அரசுடையது. ஐந்து ஆசிரியர்களுக்கு மானியம் தரும் அரசு ஆறாவது ஆளாகச் சிறப்பாசிரியர் பணியிடத்தையும் ஏற்க வேண்டும். இதில் ஒன்றிய அரசுக்கும் பங்கு உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் தரப்படவில்லை என்று தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான 3,500 ரூபாய் இருப்பதும் அந்தத் திட்டத்துக்குள்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் பணம் நின்றால், முதலில் அடிபடுவது இரண்டாவது பெஞ்சுப் பையன்.

இரண்டாவது பொறுப்பு நிர்வாகத்துடையது. 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பர் 1இல் இன்னொரு அமர்வு எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பச் சொன்னது. வழக்கு எப்படி முடிந்தாலும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16ஆம் பிரிவில் சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு எழுதப்படவில்லை. கடைசியாக நிற்கும் பிள்ளைக்குத்தான் முதலிடம் என்று மறையுரையில் சொல்லும் நிர்வாகம் சட்டத்தில் சந்து தேட வேண்டியதும் இல்லை.

பணியிடம் வரும்வரை ஒரு வழி உண்டு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பாசிரியரை வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு ஆண்டுக்கு 1,27,720 ரூபாய், மாதம் 10,643. 500 குடும்பம் உள்ள ஒரு தேவாலயப் பங்கு இதை ஏற்றால் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 255 ரூபாய், மாதம் 22க்கும் குறைவு. மூன்று பள்ளிக்கு ஒருவர் என்பது நீதிமன்றம் சொன்ன அளவுக்குப் போதாது. ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது, காது சரியாகக் கேட்காத பையனைக் கண்டுபிடிக்கவும், அவனை முன் பெஞ்சுக்கு மாற்றவும், அவன் அம்மாவை முகாமுக்கு அனுப்பவும், வகுப்பு டீச்சருக்கு வழி சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். பன்னிரண்டு பெயர்கள் பதிவேட்டில் ஏறினால் 42,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கும் உரிமையும் வரும்.

ஜூன் சேர்க்கைக்கு முன்னால் ஒவ்வொரு ஆர்.சி. தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவும் ஆண்டு வரவுசெலவில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: சிறப்பாசிரியர் ஒருவர், 3,83,160 ரூபாய். கையில் பணம் இல்லையென்றால் எதிரே ‘பாக்கி’ என்று எழுதட்டும். அந்தத் தாளின் நகல் கல்வித் துறைக்கும் உயர்மறைமாவட்டத்துக்கும் போகட்டும், பெற்றோர் கூட்டத்திலும் வாசிக்கப்படட்டும். கணக்கில் ஏறாத செலவுக்கு யாரும் பணம் தேடுவதில்லை. ஏறிய பாக்கியை ஒவ்வொரு ஆண்டும் கேட்டு வாங்கலாம்.